தேய்த்துக்கொண்டே போனால் காந்தம் என்னாகும்?

கேள்வி: காரைக்குடியில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். பழைய ஹார்ட் டிஸ்க்கைப் பிரித்தால் பளபளவென்று காந்தத் துண்டுகள் கிடைக்கும். அசந்தால் விரலைக் கவ்விவிடும். அதைத் தேய்த்துத் தேய்த்து ஓர் அணு கனத்துக்குக் கொண்டுவந்தால் அப்போதும் காந்தமாக இருக்குமா?

பதில்: தயவுசெய்து தேய்க்காதீர்கள். அது நியோடிமியம் காந்தம், அதன் தூள் எளிதில் தீப்பிடிக்கும்.

மற்றபடி, உங்கள் கேள்வி பெரிய ஆட்களைப் படுத்திய கேள்வி. காந்தத்தில் ஒவ்வோர் அணுவும் ஒரு குட்டிக் காந்தம். அக்கம்பக்கத்து அணுக்கள் ஒன்றையொன்று பிடித்து ஒரே திசையில் நிறுத்துகின்றன. ஒற்றைத் தளமாக்கினால் மேலும் கீழும் துணை கிடையாது. கொஞ்சம் சூடு பட்டாலே வரிசை கலையும். எந்தத் திசையானாலும் சரி என்றிருக்கும் அணுக்களுக்கு இது தப்பாத விதி என்று 1966இல் மெர்மின், வாக்னர் என்ற இரு இயற்பியலாளர்கள் கணக்குப் போட்டே காட்டினார்கள்.

ஆனால் 'செங்குத்தாகத்தான் நிற்பேன்' என்று அடம்பிடிக்கும் அணுக்கள் உண்டே! குரோமியம் டிரை அயோடைடு அப்படிப்பட்டது. அமெரிக்காவில் சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தாரும் பாஸ்டன் பக்கத்து எம்.ஐ.டி.யினரும் சேர்ந்து அதை ஒற்றை அடுக்காக, செல்லோ டேப்பால்தான், உரித்தெடுத்தார்கள். நடுவில் குரோமியம், இருபுறமும் அயோடின், அவ்வளவுதான் கனம். மைனஸ் 228 டிகிரிக்குக் கீழே அது காந்தமாகவே நின்றது. 2017இல் வெளிவந்த முடிவு இது. இரும்பில் ஒட்டிப் பார்க்கவெல்லாம் முடியாது. லேசர் ஒளி பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வுத் திசை கடுகளவு திரும்புகிறதா என்று பார்ப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், இரண்டு அடுக்கானால் ஒன்றுக்கொன்று எதிராகத் திரும்பிக்கொண்டு காந்தம் காணாமல் போகிறது. மூன்றாவதைச் சேர்த்தால் மறுபடி வருகிறது!

இந்தச் சரக்குக்குக் காற்றிலுள்ள ஈரமே எமன். நான் மாணவியாக இருந்தபோது ஆர்கான் நிரப்பிய பெட்டிக்குள் கைவிட்டு மூன்று நாள் செதில் உரித்தேன். ரப்பர் கையுறையில் ஊசித்துளை இருந்தது தெரியாது. மறுநாள் காலை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் செதிலுக்குப் பதில் ஈரத்துளிகள். என் வழிகாட்டி ஒன்றும் சொல்லவில்லை, டீ குடிக்கக் கூட்டிப்போனார்.

இன்னொன்று. மெல்லிய காந்தம் உங்கள் கடையிலேயே இருக்கிறது. 1988இல் பிரான்சில் ஃபெர்ட், ஜெர்மனியில் க்ரூன்பெர்க் இருவரும் தனித்தனியே இரும்பையும் குரோமியத்தையும் நானோமீட்டர் கனத்தில் அடுக்கினார்கள். காந்தத்தை அருகே கொண்டுபோனதும் மின்தடை சரிந்தது. ஃபெர்ட்டின் அடுக்கில், கடுங்குளிரில், கிட்டத்தட்ட பாதியாகவே. இருவருக்கும் 2007இல் நோபல். அதற்குப் பத்தாண்டு முன்பே, 1997இல், ஐ.பி.எம். தட்டிலுள்ள காந்தப் பதிவை இந்த உத்தியில் படிக்கும் ஹார்ட் டிஸ்க்கைக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டது.

காந்தத்தை எடுத்துக்கொண்டு, தட்டின்மேல் ஆடும் அந்தக் கையைக் குப்பையில் போட்டிருப்பீர்கள். அடுத்தமுறை போடாமல் நுனியை லென்ஸ் வைத்துப் பாருங்கள். மிளகைவிடச் சிறிய கறுப்புச் சில் ஒன்று ஒட்டியிருக்கும். அதன் பின்விளிம்பில்தான் அதுபோன்ற மெல்லிய காந்த அடுக்குகள் இருக்கின்றன.