வீடியோவில் வாயால் சொல்வதையே கீழே எழுத்தாகவும் போட வேண்டுமா?

இரண்டு நிமிட வீடியோவுக்குக் கேப்ஷன் போட ஒரு மணி நேரம் ஆகிறது, யார் படிக்கப்போகிறார்கள், விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் என்னைப் போல வேலைக்கு நடுவில் போனை ஸ்டாண்டில் மாட்டிவிட்டுப் படம் எடுக்கிறவராகத்தான் இருப்பீர்கள். எடிட்டிங்குக்கு ஆள் வைத்திருக்கிறவருக்கு இந்தக் கேள்வியே வராது.

விடாதீர்கள். ஆனால் ஆப் தானாக எழுதித் தருவதைப் படித்துப் பார்க்காமல் போடுவதற்கு, போடாமலே இருக்கலாம். இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது.

நான் ப்ளவுஸ் தைப்பவள். வீட்டு முன்னறையில் இரண்டு மெஷின். லைனிங் ப்ளவுஸ் வெட்டுவது எப்படி என்று ஒரு வீடியோ போட்டேன். மார்புச் சுற்றளவில் நாலில் ஒரு பங்கு எடுத்து, அதோடு லூசுக்கும் தையலுக்குமாக ஒன்றரை இன்ச் சேர்த்து வெட்டச் சொன்னேன். ஆளுக்கு ஆள் அளவு மாறும் என்பதால் கூட்டிச் சொல்லவில்லை. கேப்ஷனை ஒரு ஆப்பே எழுதிக் கொடுத்தது. மஞ்சள் எழுத்து, பார்க்க நன்றாக இருந்தது. போட்டுவிட்டேன்.

நாலைந்து நாள் கழித்து ஒரு பெண் மெசேஜ் அனுப்பினாள். "அக்கா, நீங்க சொன்ன மாதிரி அரை இன்ச் விட்டு வெட்டினேன். கை உள்ளே போகுது, கொக்கி போட முடியல." எனக்குச் சுர்ரென்று வந்தது. "நான் ஒன்றரைன்னுதான் சொன்னேன். வீடியோவை ஒழுங்கா திரும்பக் கேளும்மா" என்று அடித்து அனுப்பினேன்.

பதிலுக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. என் முகத்துக்குக் கீழே, மஞ்சள் எழுத்தில், "அரை இன்ச்". அதற்கடியில் அவள் எழுதியிருந்தது: "எனக்குக் காது கேட்காது அக்கா. இதைப் படிச்சுத்தான் வெட்டினேன்."

யாரிடம் போய்த் திரும்பக் கேள் என்று சொல்லியிருக்கிறேன் பாருங்கள். அன்றைக்கு மெஷினில் உட்காரவே முடியவில்லை.

ஒரு பக்கத்துக்கு ஒரு இன்ச் குறைந்தால், முன்னும் பின்னுமாக நாலு இடத்தில் நாலு இன்ச் போய்விடும். பிரித்துவிடக்கூட உள்ளே துணி இருக்காது. சேலையோடு வந்த பிட் வேறு, கடையில் போய் அதே மாதிரி வாங்கவும் முடியாது. சேலையின் உள்சொருகுத் தலைப்பில் கொஞ்சம் வெட்டி, அக்குளுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஒட்டுக் கொடுக்கச் சொல்லி, ஒவ்வொரு படியையும் எழுதி அனுப்பினேன். தப்பித்தாள்.

ஆப் பண்ணிய தப்புக்கு நீ என்ன செய்வாய் என்று சிலர் வருவார்கள். ஆப் பண்ணியதுதான், ஆனால் போட்டது நான். காது கேட்காதவர்களை நினைத்துத்தான் கேப்ஷன் போட்டேன் என்று பெருமையும் அடிக்கவில்லை. எல்லாரும் போடுகிறார்களே என்று போட்டேன், அவ்வளவுதான்.

அப்புறம்தான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் நாடு முழுக்கப் போன டிவி நிகழ்ச்சிகளில், காது கேளாதவர்களுக்காக முதலில் எழுத்துப் போட்டது 1972-இல், ஜூலியா சைல்டு என்ற சமையல்காரம்மாவின் டிவி நிகழ்ச்சிக்குத்தானாம். உப்பு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்று தெரியாமல் கையை மட்டும் பார்த்து என்ன சமைப்பது? அது எல்லார் திரையிலும் தெரிந்த எழுத்து. வேண்டியவருக்கு மட்டும் தெரிகிற கேப்ஷன் 1980-இல் வந்தது, அதற்கும் தனியாக ஒரு பெட்டி வாங்கி டிவியோடு இணைக்க வேண்டியிருந்தது. இன்றைக்கு யூடியூபில் சிசி பட்டனைத் தொட்டால் போதும்.

இப்போது யூடியூபுக்கு எஸ்ஆர்டி ஃபைலை, அதாவது எந்த வசனம் எந்த நேரத்தில் வர வேண்டும் என்று எழுதிய கேப்ஷன் ஃபைலை, நானே அடிக்கிறேன். வரிசை எண், தொடங்கும் நேரம், முடியும் நேரம், வசனம், ஒரு வெற்று வரி, இவ்வளவுதான். நேரத்தை அடிக்கும்போது நொடிக்குப் பின்னால் வருவது புள்ளி இல்லை, கமா. ஃபைலை யூடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்தையும் சேமிக்கிற முறை) என்று சேமிக்காவிட்டால் தமிழெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். ரீல்ஸில் எழுத்தை வீடியோவிலேயே பதித்துவிடுகிறேன், அதுவும் ரொம்பக் கீழே இல்லாமல். அங்கே பெயரும் லைக் பட்டனும் வந்து மறைக்கும். அழகான ஃபாண்ட் என்று ஆசைப்படாதீர்கள், பலதில் கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமாக நிற்கும். அளவு வருகிற இடத்தில் எண்ணையும் போடுகிறேன்: ஒன்றரை (1½).

ஆமாம், நேரம் ஆகிறது. அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு ப்ளவுஸை வெட்டி வைத்துவிடலாம். ஆனால் ப்ளவுஸுக்கு மட்டும் என்ன கொட்டியா கொடுக்கிறார்கள்? ஐந்தாயிரத்துக்குச் சேலை எடுத்துவிட்டு, கூலியில் ஐம்பது ரூபாய் குறைக்க அரை மணி நேரம் நிற்பார்கள். "நாளைக்கே வேணும்க்கா" என்பார்கள், தைத்து வைத்தால் பத்து நாள் வர மாட்டார்கள். சரி, அதை விடுங்கள்.

அந்தப் பெண்ணிடம்தான் இப்போது வீடியோவைப் போடுமுன் அனுப்பிப் படிக்கச் சொல்கிறேன். போன வாரம் "கொக்கிப் பட்டி"யை நானே "கொக்கிப் பாட்டி" என்று அடித்திருந்தேன். "மாத்தாதீங்க அக்கா, பாட்டி இருக்கட்டும்" என்று எழுதினாள். மாற்றிவிட்டேன்.