இதய அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருக்கும் காலத்தில் பெண்களுக்கு ஆண்களைவிட ஆபத்து அதிகமா?

சில இதய நோய்களில் ஆம் என்பதே என் பதில். உங்கள் வீட்டிலும் ஒரு பெண் அறுவைச் சிகிச்சைத் தேதிக்காகக் காத்திருக்கிறார், அவரும் "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல; அம்மாவுடன் ஐந்து மாதம் காத்திருந்த மகள்.

அம்மாவுக்குப் பெருந்தமனி வால்வு, அதாவது இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் வெளியேறும் வழியில் உள்ள வால்வு, சுருங்கியிருந்தது. எக்கோ எனப்படும் இதய ஒலியலைப் பரிசோதனையில் வால்வின் திறப்பு 0.8 சதுர சென்டிமீட்டர் என்று வந்தது; 1-க்குக் கீழே போனாலே கடுமையான சுருக்கம் என்பார்கள். ஆனால் வால்வின் இருபுறமும் உள்ள சராசரி அழுத்த வேறுபாடு 32 மி.மீ. பாதரசம்தான் இருந்தது. கடுமை என்று சொல்ல 40 வேண்டுமாம். இரண்டு எண்களும் ஒத்துப்போகாததால், அவசரமில்லாதவர்களின் பட்டியலில் அவர் பெயர் சேர்ந்தது. இதய அறை சிறியதாகவும் சுவர் தடித்தும் இருந்தால் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் இரத்தம் குறைந்து, வால்வு மோசமாக இருந்தாலும் அழுத்த வேறுபாடு குறைவாகவே தெரியும் என்பதும், இந்த நிலை பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது என்பதும் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

அந்த மாதங்களில் மாடிப்படியின் நான்காவது படியில் அம்மா அடிக்கடி உட்கார்ந்திருப்பார். மடியில் துணிக் குவியல் இருக்கும். கேட்டால், சரியாக மடிக்கவில்லை, திரும்ப மடிக்கிறேன் என்பார். ஒழுங்காக மடித்திருந்த துணியைப் பிரித்துப் பிரித்து மடித்தது மூச்சு வாங்கிக்கொள்வதற்காகத்தான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அடுத்த பரிசோதனையில் "மூச்சு வாங்குகிறதா?" என்று மருத்துவர் கேட்டதற்கு "இல்லை" என்றார். அது பொய்யும் இல்லை. அதற்குள் அவர் மாடிக்குப் போவதையே விட்டிருந்தார். மயக்கமோ மூச்சிரைப்போ நெஞ்சுவலியோ வந்தால் பட்டியலில் தன் இடமே மாறிவிடும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. விளக்கமெல்லாம் பக்கத்தில் நின்ற என் அண்ணனிடமே சொல்லப்பட்டது. அந்த வருத்தம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஒரு காலையில் அவர் சமையலறையில் தலைசுற்றி விழுந்தார். வேறொரு மருத்துவர் சி.டி. ஸ்கேன் எடுத்து வால்வில் படிந்த கால்சியத்தை அளக்கச் சொன்னார். கால்சிய மதிப்பெண் 1,540 என்று வந்தது. ஆண்களுக்கு 2,000-ஐத் தாண்டினால்தான் கடுமையான சுருக்கம் இருக்கக்கூடும் என்பார்கள்; பெண்களுக்கு அந்த எல்லை 1,200. குறைந்த கால்சியத்திலேயே பெண்களின் வால்வு அதே அளவுக்கு இறுகிவிடுகிறது. ஒன்பதாவது நாள் அறுவைச் சிகிச்சை நடந்தது.

ஆண்களின் துன்பத்தை நான் குறைத்துச் சொல்வதாக எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். காத்திருக்கும்போது ஆண்களும் இறக்கிறார்கள். அறுவைச் சிகிச்சையே பெண்களுக்கு ஆபத்து கூடியது, இதய அறுவைச் சிகிச்சையில் உயிரிழக்கும் ஆபத்தை மதிப்பிடும் யூரோஸ்கோர் 2 கணக்கீட்டில் பெண்ணாக இருப்பதே ஓர் ஆபத்துக் காரணி, ஆகவே எதற்கு அவசரம் என்றும் சிலர் கேட்கலாம். அந்தக் கணக்கு அறுவைச் சிகிச்சையின் ஆபத்தைச் சொல்கிறதே தவிர, வீட்டில் காத்திருக்கும் நாட்களின் ஆபத்தைச் சொல்வதில்லை. நோய் முற்றிய பிறகு அறுவைச் சிகிச்சை மேசைக்கு வருபவருக்கு அந்தச் சிகிச்சையின் ஆபத்தும் கூடத்தான் செய்யும்.

அம்மா இப்போது நலமாக இருக்கிறார்; ஆனால் தடித்துப்போன இதயத் தசை முழுவதும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை, வேகமாக நடந்தால் இன்றும் நின்றுதான் போக வேண்டியிருக்கிறது. உங்கள் வீட்டில் காத்திருப்பவரின் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்து, இரத்தசோகை இருந்தால் மருத்துவரிடம் சொல்லிச் சரிசெய்துகொள்ளுங்கள். காத்திருப்பவரிடம் "மூச்சு வாங்குகிறதா" என்று மட்டும் கேட்காதீர்கள். போன வருடம் செய்துகொண்டிருந்த எந்தெந்த வேலையை இப்போது விட்டுவிட்டார் என்று கேட்டு, தேதியோடு எழுதி, அவர் முன்னிலையிலேயே மருத்துவரிடம் கொடுங்கள். மயக்கம் வந்தால் அடுத்த பரிசோதனை வரை பொறுக்காமல் அன்றைக்கே அழைத்துச் செல்லுங்கள்.