அமிலம் தெறித்தால்...

கேள்வி: எம்.எஸ்ஸி. வேதியியல் படிக்கும் என் மகளின் கையில் ஆய்வகத்தில் சல்ஃப்யூரிக் அமிலம் தெறித்துவிட்டது. தோழிகள் உடனே சமையல் சோடாவைத் தேய்த்தார்களாம். அது சரியா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: வேண்டாம்மா. தேய்த்தால் புண் இன்னும் கிளறும், கழுவ வேண்டிய நேரமும் வீணாகும். குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் கையைக் காட்டச் சொல்லுங்கள். எரிச்சல் அடங்கியதும் நிறுத்திவிடக் கூடாது. கழுவும்போதே வளையல், கடிகாரம், மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும். அவற்றின் அடியில் அமிலம் தங்கிவிடும். நான் செய்முறை வகுப்பு எடுத்த காலத்தில் முதல் நாளே வளையல்களைக் கழற்றி வைக்கச் சொல்வேன், பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். நனைந்த துணியையும் கூச்சப்படாமல் களைய வேண்டும். அப்புறம் மருத்துவரிடம் காட்டுங்கள். ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் மட்டும் தனி ரகம். வலி சில மணி நேரம் கழித்தும் வரலாம். கழுவியதும் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் தடவி, வலிக்காகக் காத்திராமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.