‘இர்’ எப்படி ‘போய்’ ஆகிறது?

கேள்வி: வீட்டிலிருந்தபடியே ஸ்பானிஷ் படிக்கிறேன். போவதற்கு அகராதியில் ‘இர்’ என்று இருக்கிறது. ஆனால் ‘போகிறேன்’ என்பது ‘போய்’, ‘போனேன்’ என்பது ‘ஃபுயி’. இதில் ‘இர்’ எங்கே போயிற்று? எப்படித்தான் நினைவில் வைப்பது?
– வாசகி, திருச்சி

பதில்: குழம்புவது நியாயம்தான். லத்தீனில் தனித்தனியாக இருந்த மூன்று வினைகள் ஸ்பானிஷில் ஒன்றாகக் கூடிவிட்டன, அதனால் ‘இர்’ ஒன்றிலிருந்தும் ‘போய்’ இன்னொன்றிலிருந்தும் ‘ஃபுயி’ மூன்றாவதிலிருந்தும் வருகின்றன. இங்கே விதி தேடவே வேண்டாம், வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்: போய், பாஸ், பா, பாமோஸ், பாய்ஸ், பான் (வரிசையாக: போகிறேன், போகிறாய், போகிறான் அல்லது போகிறாள், போகிறோம், நீங்கள் எல்லோரும் போகிறீர்கள், போகிறார்கள்). எல்லாவற்றுக்கும் ‘பஸ்’ஸில் வரும் ப. இதில் ‘பாய்ஸ்’ ஸ்பெயினில் மட்டும்தான் புழக்கம், மெக்சிகோ பக்கம் ‘நீங்கள் எல்லோரும்’ என்றாலும் ‘பான்’தான்.

இந்த ஆறையும் பிடித்துவிட்டால் எதிர்காலமும் கைக்கு வந்துவிடும். நாம் ‘சாப்பிடப் போகிறேன்’ என்கிறோமே, அவர்களும் அதே மாதிரி ‘போய் அ கொமேர்’ என்கிறார்கள். மழை பெய்யப் போகிறதா, ‘பா அ யோபேர்’. தமிழ் பேசுகிறவருக்கு இது இயல்பாக வரும், நடுவில் இருக்கும் அந்தச் சின்ன ‘அ’வை மட்டும் விழுங்கிவிடாதீர்கள், ஆரம்பத்தில் பலர் தடுக்கி விழுவது அங்கேதான்.

அப்புறம் ‘ஃபுயி’. ‘இருந்தேன்’ என்பதற்கும் இதே சொல்தான், ஆனால் பின்னால் வருவதைப் பார்த்தால் தெரிந்துவிடும். ‘ஃபுயி அ மத்ரித்’ என்றால் மத்ரிதுக்குப் போனேன். ‘ஃபுயி ப்ரொஃபெசோர்’ என்றால் ஆசிரியராக இருந்தேன்.

நம் ஆட்கள் உண்மையில் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு, பாடப்புத்தகங்கள் அதற்குப் பெரிதாக இடம் கொடுப்பதில்லை. அடுத்த அறையிலிருந்து யாராவது கூப்பிட்டால் நாம் ‘இதோ வர்றேன்’ என்போம், உடனே அதை அப்படியே மாற்றி ‘வருகிறேன்’ என்பதற்கான ‘பெங்கோ’வைச் சொல்லத் தோன்றும். ஸ்பானிஷில் பேசுகிறவர் இப்போது நிற்கும் இடத்தை நோக்கி வந்தால்தான் ‘பெங்கோ’. நீங்கள் இங்கிருந்து நகர்ந்து அவரிடம் போவதால் ‘யா போய்’ என்றுதான் சொல்ல வேண்டும். போனில் ‘உன் வீட்டுக்கு வர்றேன்’ என்று தோழியிடம் சொல்லும்போதும் அதேதான்: ‘போய் அ து காசா’.