நான்கு பிஸ்கட்டில் எவ்வளவு இரும்பு?

கேள்வி: பி.எஸ்ஸி. நியூட்ரிஷன் அண்ட் டயட்டடிக்ஸ் கடைசி வருடம் படிக்கிறேன். மேற்படிப்பில் ஃபங்ஷனல் ஃபுட்ஸ் (வழக்கமான சத்தைத் தாண்டி உடலுக்குத் தனி நன்மை தரும் உணவுகள்), புதிய உணவுப் பொருள் உருவாக்கம் பக்கம் போக ஆசை. ரத்தசோகைக்குக் கேழ்வரகு – முருங்கைக்கீரை பிஸ்கட் என்று ஆய்வுத் தலைப்புகூட யோசித்து வைத்திருக்கிறேன். இங்கிலாந்தில் ஒரே வருடத்தில் எம்.எஸ்ஸி. முடித்துவிடலாம் என்கிறார் ஒரு ஏஜென்ட். அப்பா, இங்கேயே படி என்கிறார். எங்கே சேர்வது? வேலை கிடைக்குமா?
– வாசகி, விருதுநகர்

பதில்: கல்லூரிப் பேச்சு கொஞ்சம் பொறுக்கட்டும். உங்கள் பிஸ்கட்டை முதலில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். இந்தப் படிப்பில் இரண்டு வருடம் நீங்கள் செய்யப்போகும் வேலையே அதுதான்.

மாவு 100 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: மைதா 55, கேழ்வரகு 40, முருங்கைக்கீரைப் பொடி 5. சர்க்கரை 45, கொழுப்பு 35. சுட்டு ஈரம் போனபின் சுமார் 175 கிராம் பிஸ்கட் கிடைக்கும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவு அட்டவணைப்படி 100 கிராம் கேழ்வரகில் இரும்பு சுமார் 4.6 மில்லிகிராம். மைதாவையும் கீரைப் பொடியையும் சேர்த்தாலும் மொத்தக் கலவையில் 4 மில்லிகிராம் தேறாது. ஆக, 100 கிராம் பிஸ்கட்டில் 2 மில்லிகிராம் சொச்சம். ஒருவர் சாப்பிடுவது நான்கு பிஸ்கட், 28 கிராம் என்றால் அதில் 0.6 மில்லிகிராம். வளர்ந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்குப் பரிந்துரை 29 மில்லிகிராம். ‘இரும்புச்சத்து உள்ளது’ என்று உறையில் போட, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2018 விளம்பர, உரிமைகோரல் விதிகளின்படி 100 கிராமில் அந்தப் பரிந்துரையின் 15 சதவீதமாவது, அதாவது 4.35 மில்லிகிராம் வேண்டும். பாதி அளவில்தான் நிற்கிறோம்.

கீரைப் பொடியைக் கூட்டினால் என்ன என்று தோன்றும். 10 கிராமுக்கு மேல் போனால் கசப்பும் பச்சை வாடையும் தூக்கலாகிவிடும். அடுப்புச் சூட்டில் பச்சையம் சிதைந்து நிறம் சாணிப் பச்சைக்குத் திரும்பும். அதோடு, கேழ்வரகில் இயல்பாக உள்ள ஃபைட்டேட், டானின் என்ற பொருள்கள் இருக்கிற இரும்பையும் குடலில் கட்டிப்போட்டுவிடும். அதைச் சரிக்கட்ட வைட்டமின் சி சேர்க்கலாம் என்பார்கள். அதில் பெரும்பகுதி அடுப்பிலேயே போய்விடும். ‘ரத்தசோகையைப் போக்கும்’ என்று எழுதவோ சட்டத்தில் இடமே இல்லை. நோயைத் தடுக்கும், தீர்க்கும் என்று உணவு உறையில் சொல்லக் கூடாது.

அதற்காக பிஸ்கட்டைத் தூக்கிப்போட வேண்டாம். அதே கலவையில் நார்ச்சத்து 100 கிராமுக்குச் சுமார் 4 கிராம் வருகிறது. ‘நார்ச்சத்து உள்ளது’ என்பதற்கு 3 கிராம் போதும் (‘நார்ச்சத்து மிகுந்தது’ என்பதற்கு 6 வேண்டும்). கால்சியம் இன்னும் சுவாரஸ்யம்: இப்போது 120 மில்லிகிராம் அளவில் நிற்கிறது, ‘கால்சியம் உள்ளது’ என்று போடத் தேவை 150. மைதாவைக் குறைத்துக் கேழ்வரகை 55 கிராம் ஆக்கினால் கோட்டைத் தொட்டுவிடும். ஆனால் அங்கே மாவைப் பிடித்துவைக்கும் கோதுமைப் புரதமான குளூட்டன் குறைந்து பிஸ்கட் கையில் எடுத்தாலே உதிரும், நாக்கில் மணல் மாதிரி நெருடும். உதிராமலும் நெருடாமலும் கால்சியம் 150-ஐத் தாண்டவைப்பது எப்படி என்பதே நல்ல ஆய்வுக் கேள்வி. மாவைச் சன்ன சல்லடையில் சலிப்பதா, முளைகட்டிய மாவா, கொழுப்பின் அளவா என்று மாற்றிப் பார்க்க நிறைய இருக்கிறது. முளைகட்டினால் ஃபைட்டேட் குறையும். நாள் கூடிப்போனால் மாவுச்சத்தைச் சிதைக்கும் அமைலேஸ் நொதி ஏறி மாவு இளகும், பிஸ்கட் சீக்கிரம் கருகும். கேழ்வரகு ரகத்துக்கு ரகம், கீரை தோட்டத்துக்குத் தோட்டம் மாறுவதால் மேலே சொன்ன எண்களை அப்படியே நம்பாமல், உங்கள் மூலப்பொருளைப் பரிசோதித்துப் பார்த்துத்தான் கலவையை முடிவு செய்ய வேண்டும். இரும்புதான் வேண்டுமென்று பிடிவாதமாக இருந்தால் சோடியம் ஐயர்ன் ஈ.டி.டி.ஏ. போன்ற, வெளியிலிருந்து சேர்க்கும் இரும்புச் செறிவூட்டிகளைத் தொட்டாக வேண்டும். அது வேறு தலைப்பு.

இப்போது கல்லூரி. ‘ஃபங்ஷனல் ஃபுட்ஸ்’ என்று படிப்பின் பெயரில் இருக்கிறதா என்று தேடாதீர்கள். இந்தக் கருத்தை முதலில் சட்டமாக்கியது ஜப்பான், 1991-இல். இங்கே பெரும்பாலும் ஃபுட் டெக்னாலஜி, ஃபுட் சயின்ஸ் அண்ட் நியூட்ரிஷன் என்ற பெயர்களுக்குள்தான் இது ஒளிந்திருக்கிறது. தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெமில் எம்.டெக். உண்டு. அதற்குப் பொதுவாக பி.டெக். பட்டமும் கேட் தேர்வும் கேட்பார்கள், உங்களுக்கு அந்தக் கதவு திறப்பது கடினம். வேளாண் பல்கலைக்கழகங்கள் நான்கு வருட இளநிலைப் பட்டம் கேட்பது வழக்கம். மூன்று வருடப் பட்டம் என்றால் தகுதிப் பக்கத்தைப் படித்துவிட்டே விண்ணப்பக் கட்டணம் கட்டுங்கள். மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமான சி.எஃப்.டி.ஆர்.ஐ.யின் எம்.எஸ்ஸி. ஃபுட் டெக்னாலஜி, கோவை அவினாசிலிங்கத்தின் உணவு அறிவியல் – ஊட்டச்சத்து எம்.எஸ்ஸி. இரண்டையும் பாருங்கள். சி.எஃப்.டி.ஆர்.ஐ.க்குப் போட்டி கடுமை. ப்ளஸ் டூ, பட்டப்படிப்புப் பாடங்களையும் உற்றுப் பார்ப்பார்கள்.

சேருவதற்கு முன் ஒரு நாள் நேரில் போய் வாருங்கள். அடுமனை அடுப்பு, எக்ஸ்ட்ரூடர், ஃப்ரீஸ் டிரையர், டெக்ஸ்ச்சர் அனலைசர், நீர்ச்செயல்பாட்டு மீட்டர் எல்லாம் இருக்கிறதா என்று கேட்டால் ‘இருக்கிறது’ என்ற பதில்தான் வரும். ‘போன மாதம் இதில் யார் என்ன ஓட்டினார்கள்?’ என்று சீனியர்களிடம் கேளுங்கள். கால்சியம், நார்ச்சத்து சோதனையை வெளி ஆய்வகத்துக்கு அனுப்பினால் பணம் யார் தருவது என்பதையும் கேட்டுவிடுங்கள். பல மாணவர்களுக்குக் கையைக் கடிப்பது இந்த இடம்தான். நூலகத்தில் போன வருட ஆய்வேடு இரண்டை எடுத்து, சுவைச் சோதனை அத்தியாயத்தைப் புரட்டுங்கள். விடுதித் தோழிகள் பத்துப் பேர் 9 புள்ளி அளவுகோலில் எட்டரை கொடுத்திருந்தால் அதில் ஒன்றுமில்லை. மாதிரிகளுக்கு மூன்று இலக்க எண் கொடுத்து, வரிசை மாற்றி, தனித்தனிச் சாவடியில் உட்காரவைத்திருந்தால் அங்கே கற்றுக்கொள்ளலாம். முக்கோணச் சோதனை (மூன்று மாதிரியில் இரண்டு ஒன்றே, ஒன்று வேறு; அந்த வேறானதைக் கண்டுபிடிக்க வேண்டும்) செய்திருந்தால் இன்னும் நல்லது. 30 பேரில் 15 பேராவது வேறான மாதிரியைச் சரியாகக் கண்டுபிடித்தால்தான் ‘வித்தியாசம் தெரிகிறது’ என்று 5 சதவீத நிலையில் சொல்ல முடியும். குருட்டாம்போக்கில் சொன்னாலே 10 பேர் சரியாகச் சொல்லிவிடுவார்கள்.

ஏஜென்ட் சொன்ன ஒரு வருடப் படிப்பில் மொத்தம் 180 கிரெடிட், அதில் ஆய்வுக்கு 60 என்பது பொதுவான அமைப்பு. ஆய்வு வேலை பெரும்பாலும் கோடையின் மூன்று மாதத்தில் முடிந்துவிடும். ஆறு மாதம் கெடாமல் இருக்க வேண்டிய பிஸ்கட்டை மூன்று மாதத்தில் சோதிக்க முடியாது. 38 டிகிரி, 90 சதவீத ஈரப்பதத்தில் வைத்து வேகப்படுத்திக் கணித்துக்கொள்ளலாம், அவ்வளவே. சுவை அறிவியலும் நுகர்வோர் ஆய்வும் அங்கே பலமான பாடங்கள். கடன் வாங்காமல் போக முடிந்தால் போங்கள். கடன்தான் என்றால், நெதர்லாந்தின் வாகெனிங்கன் மாதிரி ஆய்வேடும் தொழிற்சாலைப் பயிற்சியும் சேர்ந்த இரண்டு வருடப் படிப்பை உதவித்தொகையோடு தேடுங்கள். இந்த விஷயத்தில் அப்பா பக்கம் கொஞ்சம் அதிகமாகவே நியாயம் இருக்கிறது.

எங்கே சேர்ந்தாலும் இதை மட்டும் முதல் வாரத்திலேயே வழிகாட்டியிடம் பேசிவிடுங்கள். மனிதர்களுக்குக் கொடுத்து ரத்தப் பரிசோதனை செய்யும் எண்ணம் இருந்தால் நெறிமுறைக் குழு அனுமதியும், முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிவும் வேண்டும். அதற்கே ஒரு செமஸ்டர் ஓடிவிடலாம். அந்த அவகாசம் இல்லையென்றால் ஆய்வகச் செரிமானச் சோதனையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்: வாய் 2 நிமிடம், இரைப்பை 2 மணி நேரம், சிறுகுடல் 2 மணி நேரம் என்ற இன்ஃபோஜெஸ்ட் முறை. கால்சியம் எவ்வளவு கரைந்து வெளிவருகிறது என்று அதில் ஓரளவு தெரியும்.

வேலை பற்றி: ஆர் அண்ட் டி பிரிவில் சேர்ந்ததும் புதுப் பொருள் கண்டுபிடிக்கச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். முதலில் கைக்கு வருவது பெரும்பாலும் ‘இந்த எண்ணெய் விலை ஏறிவிட்டது, சுவை மாறாமல் வேறு போடு’ என்ற வேலைதான். முக்கோணச் சோதனை அங்கேதான் சோறு போடும். இன்னொரு வழி லேபிள், ஒழுங்குமுறைப் பிரிவு. உறையில் எழுதும் ஒவ்வொரு வார்த்தைக்கும் பின்னால் எண்ணைக் காட்டத் தெரிந்தவர்கள் அங்கே தேவைப்படுகிறார்கள். நியூட்ரிஷன் படித்தவருக்கு அந்தப் பக்கம் நுழைவது சுலபம். நேர்காணலில் கேழ்வரகு பிஸ்கட்டைப் பற்றிக் கேட்டால், இரும்பை ஏன் விட்டுவிட்டுக் கால்சியத்துக்கு வந்தீர்கள் என்பதை எண்களோடு சொல்லுங்கள்.