கதை பொது, பாட்டியின் குரல் பொது அல்ல

கேள்வி: ஏற்காடு நாகலூர் பக்கம் எங்கள் ஊர். காஞ்சியிலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவர் கதையை என் பாட்டி ராகம் போட்டுச் சொல்வார். ஒருவர் கேமராவோடு வந்து போட்டோ, வீடியோ எடுத்தார். ஏதோ படிவத்தில் கைநாட்டும் வாங்கினார். இப்போது அந்த வீடியோவைப் போட்டுக் காட்டிக் கட்டணப் பயிற்சி நடத்துகிறார். நான் நாடக ஆசிரியை. அதே கதையைப் பள்ளியில் போடப்போகிறேன் என்றால், உரிமை தன்னிடம் இருக்கிறது, அனுமதி வாங்கு என்கிறார். வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஒத்திகையை ஆரம்பியுங்கள். அந்த மூவர் கதை சேர்வராயன் மலையில் மட்டுமா இருக்கிறது? கொல்லிமலை, பச்சைமலையில் இருக்கும் மலையாளி என்ற பழங்குடி மக்களும் (கேரளத்தார் அல்ல) சொல்வதுதானே. யார் கட்டியது என்றே தெரியாமல் வாய்வழியாக வந்த கதைக்கு எவரும் பட்டா போட முடியாது. நீங்கள் எழுதும் வசனம் உங்களுடையது.

வீடியோ சமாச்சாரம் வேறு. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில், 1994 திருத்தத்துக்குப் பிறகு, நிகழ்த்துபவருக்கும் உரிமை உண்டு. நடிகர், பாடகரோடு பாம்பாட்டியைக்கூட அந்தப் பட்டியலில் எழுதியிருக்கிறார்கள். கதை சொல்லும் பாட்டியும் அதில் அடக்கம். 50 ஆண்டு செல்லும். வீடியோவுக்குச் சம்மதம் எழுதிக் கொடுத்திருந்தால் தடுப்பது கடினம். ஆனால் அதை வைத்துச் சம்பாதித்தால் ராயல்டி கேட்கலாம். போட்டோ மட்டும் பொதுவாக எடுத்தவருக்கே சொந்தம்.

ஆகவே முதல் வேலை, அந்தப் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குவது. நகலே தராமல் கைநாட்டு வாங்கிப் போவது சிலருக்குப் பிழைப்பாகவே ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் மூன்று பக்கம் இருக்கும், கடைசிப் பக்கத்தின் மூலையில் மட்டும் ஊதா மை. தொகை எழுத வேண்டிய இடம் காலியாகக் கிடக்கும். படித்துக் காட்டாமல் வாங்கிய கைநாட்டை எதிர்த்து வாதாட நன்றாகவே இடமுண்டு. உரிமையை எழுதி வாங்கியிருந்தாலும், காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டுதான். இடம் குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான்.

இந்த நேரம் பார்த்து இன்னொரு ஆள் வருவார். கதையைப் பாட்டி பெயரில் பதிவு செய்து தருகிறேன், இருபதாயிரம் ஆகும் என்பார். தயவுசெய்து கொடுக்காதீர்கள். வழிவழி வந்த கதையைத் தன் படைப்பு என்று பதிய முடியாது. உங்கள் நாடகப் பிரதிக்கும் பதிவு கட்டாயமில்லை. ஆசைப்பட்டால் அரசுக் கட்டணம் 500 ரூபாய், ஆன்லைனிலேயே கட்டலாம்.

சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு, ஜவ்வரிசிக்கும் உண்டு. மலை மக்களின் கதைக்கு மட்டும், அவர்கள் எல்லோருக்கும் சேர்ந்த உரிமை என்று சொல்ல இந்த நாட்டில் ஒரு தனிச் சட்டம் கிடையாது. கலைவிழா மேடைகளில் பொன்னாடை போர்த்த மட்டும் எப்போதும் ஆள் இருக்கிறது.

உங்களுக்கும் ஓர் எச்சரிக்கை. பாடம் நடத்தவோ ஆராய்ச்சிக்கோ என்றால் பாட்டி சொல்வதைப் பதிவு செய்ய விலக்கு உண்டு. வகுப்பில் போட்டுக் காட்டுங்கள், பிள்ளைகள் அந்த ராகத்தைப் பிடித்துக்கொள்ளட்டும். அந்தப் பதிவையே பள்ளி யூடியூப் சேனலில் ஏற்றினால் விலக்கு போச்சு. ஆண்டு விழாவுக்கு டிக்கெட் விற்று அதில் பாட்டி குரலை ஓடவிட்டாலும் போச்சு. நல்ல நோக்கம், சொந்தப் பேத்தி என்பதெல்லாம் செல்லாது. வெளியே விடுவதாக இருந்தால், நீங்களும் பாட்டியிடம் தமிழில் ஒரு பக்கம் எழுதி, வாசித்துக் காட்டி, சித்தப்பா, அத்தை என்று இருவரைச் சாட்சி வைத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

கேமராக்காரர் மசியவில்லை என்றால் பாட்டி பெயரில் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் வழக்குதான். அவர் சென்னையில் இருந்தாலும் பாட்டி அங்கே அலைய வேண்டாம். தான் வசிக்கும் சேலம் மாவட்டத்து நீதிமன்றத்திலேயே போடலாம். பாட்டி மலையிறங்கி வந்தால் போதும், கேமராக்காரர்தான் பஸ் ஏறி வர வேண்டும்.