அதிபர் கையெழுத்துப் போட்டால் போதுமா? – கேள்வி பதில்

கே: அமெரிக்க அதிபர் ஆணை மேல் ஆணையாகக் கையெழுத்துப் போடுகிறாரே, அதெல்லாம் சட்டமா?

ப: சட்டம் போடும் அதிகாரம் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸுக்குத்தான். அரசியல் சாசனமோ, காங்கிரஸ் ஏற்கெனவே இயற்றிய சட்டமோ கொடுத்த அதிகாரத்துக்குள் நின்றால்தான் அதிபரின் ஆணை செல்லும்.

தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு 1952-ஐப் பாருங்கள். கொரியப் போர் நடந்துகொண்டிருந்தது. எஃகுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்துக்குத் தயாராக இருந்தார்கள். உற்பத்தி நின்றால் போர்முனைக்கு ஆயுதம் போகாது என்று சொல்லி, எஃகு ஆலைகளை அரசே எடுத்து நடத்த ஏப்ரல் 8-ம் தேதி அதிபர் ட்ரூமன் ஆணையிட்டார். முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஜூன் 2-ம் தேதி உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் ஆணையைத் தள்ளிவிட்டது. ஆலைகளைக் கைப்பற்ற எந்தச் சட்டமும் அவருக்கு அதிகாரம் தரவில்லை என்பதுதான் காரணம். இதில் வேடிக்கை, ட்ரூமனே நியமித்த நான்கு நீதிபதிகளில் இரண்டு பேர் அவருக்கு எதிராக நின்றது. ஆலைகளை அவர் உடனே திருப்பிக் கொடுத்தார். தொடங்கிய வேலைநிறுத்தம் ஏழு வாரத்துக்கு மேல் நீடித்தது. அதிபரின் அதிகாரம் பற்றிய வழக்கென்றால் வக்கீல்கள் இன்றும் இந்தத் தீர்ப்பைத்தான் புரட்டுகிறார்கள், அதிலும் நீதிபதி ஜாக்சன் தனியாக எழுதிய பகுதியை.

கே: மசோதாவைக் கையெழுத்துப் போடாமல் கிடப்பில் போட்டுவிட்டால்?

ப: ஞாயிறு நீங்கலாகப் பத்து நாள் கெடு. காங்கிரஸ் கூடியிருந்தால் கையெழுத்து இல்லாமலே சட்டமாகிவிடும். அதற்குள் காங்கிரஸ் ஒத்திவைக்கப்பட்டு மசோதாவைத் திருப்பி அனுப்ப வழியில்லாமல் போனால், மசோதா செத்தது; 'பாக்கெட் வீட்டோ' என்பது இதுதான். வெளிப்படையாக வீட்டோ செய்து, அதாவது மசோதாவை நிராகரித்துத் திருப்பினால், காங்கிரஸின் இரண்டு அவைகளான செனட்டும் பிரதிநிதிகள் சபையும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் அதை முறியடிக்கலாம். சொல்வது சுலபம். அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் 635 வீட்டோக்களில் முறியடிக்கப்பட்டவை வெறும் 9.

கே: துணை அதிபருக்கு என்ன வேலை?

ப: செனட்டுக்குத் தலைவர். வாக்குகள் சமமானால் மட்டும் அவருக்கு ஓட்டு. மற்றபடி அதிபர் கொடுக்கிற வேலை.

கே: நீதிபதிகளுக்கு ஆயுள் முழுக்கப் பதவியாமே, அவர்களை யார் கேட்பது?

ப: பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டி, செனட் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் அதை உறுதி செய்தால் பதவி போய்விடும். கீழ்நிலை ஃபெடரல் (மத்திய அரசு) நீதிபதிகள் சிலர் அப்படிப் போயிருக்கிறார்கள். உச்ச நீதிமன்றத்தில் மாட்டியவர் சாமுவேல் சேஸ் ஒருவர்தான், 1804-ல். மறுவருடம் செனட் அவரையும் விடுவித்துவிட்டது.

காங்கிரஸிடம் இன்னொரு பிடியும் உண்டு. எத்தனை நீதிபதிகள் என்று சாசனம் சொல்லவில்லை. ஒன்பது என்பது 1869-ல் போட்ட சட்டம். 1937-ல் ரூஸ்வெல்ட் அதைக் கூட்டப் பார்த்தார். அவர் கட்சியே பெரும்பான்மையாக இருந்த செனட், மசோதாவைக் கமிட்டிக்குத் திருப்பி அனுப்பிக் கதையை முடித்தது.

கே: கோர்ட்டிடம் படையும் இல்லை, பணமும் இல்லை. தீர்ப்பை மதிக்காவிட்டால்?

ப: நிர்வாகத்தைத்தான் நம்ப வேண்டும். பள்ளிகளில் நிறப் பிரிவினை கூடாது என்று கோர்ட் சொன்ன பிறகும், 1957-ல் லிட்டில் ராக் சென்ட்ரல் பள்ளிக்குள் ஒன்பது கறுப்பின மாணவர்கள் போகாதபடி, ஆர்கன்சா ஆளுநர் ஃபாபஸ் மாநிலத்தின் தேசியக் காவல் படையை நிறுத்தினார். அதிபர் ஐசன்ஹோவர் அதே படையைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டு, ராணுவத்தின் 101-வது வான்வழிப் பிரிவையும் அனுப்பிய பிறகே பிள்ளைகள் வகுப்புக்குப் போக முடிந்தது. சரி, அதிபரே மதிக்காவிட்டால்? அங்கேதான் சிக்கல். ஃபெடரல் நீதிமன்ற உத்தரவுகளை நிறைவேற்றும் மார்ஷல்களும் அதிபரின் கீழ் இருக்கிற நீதித்துறை அமைச்சகத்தின் ஆட்கள்தான்.